வடிகட்டிய புங்க எண்ணெய் பயோடீசல் ஆகாது

மாதவரம் பக்கமிருந்து மறுபடியும் ஒரு லோடு வண்டி ரிப்பேருக்கு. டீசலைப் பீய்ச்சும் நாசிலின் நுனியில் கரி, பம்ப் இறுகிவிட்டது, இன்ஜின் ஆயில் கஞ்சி மாதிரி. கேட்டால் எல்லோரும் சொல்லும் அதே பதில்: "புங்க எண்ணெயை நல்லா வடிகட்டித்தானே ஊத்தினேன், அண்ணா!"

வடிகட்டினால் தூசிதான் போகும், எண்ணெயின் கெட்டித்தன்மை போகாது. 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது அந்தக் கெட்டித்தன்மையின் அளவு, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். செக்கில் ஆட்டிய புங்க எண்ணெய்க்கும் காட்டாமணக்கு எண்ணெய்க்கும் அது 30-ஐத் தாண்டும். ஐந்து மைக்ரான் ஃபில்டரில் பத்து தடவை விட்டாலும் அந்த எண் அசையாது. காடாத் துணியில் வடித்தாலும் அசையாது, வெயிலில் தெளியவிட்டாலும் அசையாது. மண்ணெண்ணெய் கலந்தால் இளகும். ஆனால் எண்ணெய் எண்ணெயாகவேதான் இருக்கும். சரியாக எரியாமல் நாசிலில் கரியாகும், பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலைக் கெடுக்கும். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அது மெதுவாகச் சுற்றிய அந்தக் காலத்து இன்ஜின். இன்றைய பிஎஸ் 6 புகை விதிக்கு ஏற்ற வண்டியில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) மேல் அழுத்தத்தில் வேலை செய்கிறது, அந்தப் பழைய இன்ஜினை இதோடு ஒப்பிடாதீர்கள்.

எண்ணெயை மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு, காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து 60 டிகிரியில் வினைபுரியவிட்டு, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கினால்தான் பயோடீசல். புங்க எண்ணெயில் தனியாகப் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நேரே காரம் போட்டால் சோப்புதான் மிஞ்சும். தயவுசெய்து மொட்டைமாடியில் முயலாதீர்கள். மெத்தனால் 65 டிகிரியில் கொதித்துவிடும், அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. உள்ளே போனால் பார்வை போகும், உயிரும் போகும்.

மணலியில் காலி மனையில் நாலு மரம் வைத்தால் டீசல் செலவு மிச்சம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தினம் 3 லிட்டர், வருடம் 300 நாள் ஓட்டம் என்றால் 900 லிட்டர். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய நாலு கிலோ விதை. 900 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 830 கிலோ எடை, ஆக சுமார் 3,300 கிலோ விதை வேண்டும். புங்கம் காய்க்கவே நாலைந்து வருடம் ஆகும். காட்டாமணக்கை வீட்டோரம் வைக்கவே வேண்டாம், விதை விஷம். பிள்ளைகள் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புண்ணாக்கை மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்கை முழுக்க வடித்து, லைனை டீசலில் கழுவி, ஃபில்டரையும் இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள். தரச்சான்று பெற்ற பயோடீசலை வாங்கிப் போட்டாலும் பழைய டேங்க் அழுக்கு கரைந்து வரும், அதனால் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பருத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.