செல்ஃப் எடுக்கலைன்னா உடனே பேட்டரியா?

இந்த வாரமும் ஒருவர் வந்துவிட்டார். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்று யாரோ புது பேட்டரி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அதுவும் படுத்துவிட்டது. "பேட்டரி டூப்ளிகேட் போல அண்ணா, வேற நல்லதா போடுங்க" என்கிறார். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னெட் காயிலிலிருந்து, அதைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட்டுக்குப் போகும் ஒயரின் கப்ளர் உருகிக் கருகிக் கிடந்தது. சார்ஜே ஏறாத வண்டியில் எந்த கம்பெனி பேட்டரி போட்டு என்ன பயன்?

பேட்டரி இறங்குவது வேறு, கெட்டுப்போவது வேறு. இதை எத்தனை பேரிடம் சொல்வது! புது பேட்டரி சார்ஜோடு வருகிறது. மாட்டியதும் செல்ஃப் ஜோராக எடுக்கும். "பாத்தீங்களா, பேட்டரிதான்" என்று காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் வண்டி ஓடுவது அந்தக் கையிருப்பில்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சும் கிடையாது. அந்த லைட் பேட்டரியிலிருந்து எரிகிற வண்டி என்றால் கையிருப்பு இன்னும் சீக்கிரம் தீரும். அப்புறம் மறுபடி தள்ளல்தான்.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் அளவு காட்டினால் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது, முதலில் சார்ஜ் போடுங்கள். முழு சார்ஜிலும் செல்ஃப் அமுக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள், 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா, காயில், கப்ளர், ஆர்.ஆர். யூனிட் பக்கம் போங்கள். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது, பேட்டரியை அவித்துவிடும்.

மீட்டரைத் தொடும் முன் ஹேண்டில்பாரில் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்தீர்களா? நியூட்ரலில் இருக்கிறதா? டெம்போவில் ஏற்றி வந்த வண்டியில் கில் சுவிட்சைத் தட்டிவிட்டு அனுப்பியிருக்கிறேன். காசு வாங்க மனசு வரவில்லை. அமுக்கினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறதா? டெர்மினல் லூஸாகவோ பூத்துப்போயோ இருக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்பதால்தானே ஃபியூஸ் போகிறது? கம்பி தாங்கிக்கொள்ளும், ஒயரிங் எரியும். அதே ஆம்பியரில் ஒரு முறை மாற்றுங்கள். மறுபடி போனால் ஷார்ட்டைத் தேடுங்கள். எக்ஸ்ட்ரா லைட்டும் ஹாரனும் மாட்டியிருந்தால் தேடலை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ரிலே (அதிக கரண்டைத் தனியாகத் தாங்கும் சுவிட்ச்) இல்லாமல், இருக்கிற ஒயரைச் சுரண்டி டேப் சுற்றித்தான் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று, கரண்டில் ஓடும் பம்ப் பெட்ரோலை அனுப்பும் (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) பிஎஸ்6 வண்டியைத் தயவுசெய்து தெருத் தெருவாகத் தள்ளாதீர்கள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் ஃபியூயல் பம்பே ஓடாது, மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

யாராவது "பேட்டரி மாத்தணும்" என்றால், பழையதை முழு சார்ஜ் ஏற்றி, செல்ஃப் அமுக்கும்போதும் வண்டி ஓடும்போதும் எத்தனை வோல்ட் என்று மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரே இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.