தடுப்பூசியில் பாதரசமா? சுங்கை சிப்புட் தாய்மார்களுக்கு ஒரு மருந்தாளர் சொல்வது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மருந்து வாங்க வரும் இளம் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, ஊசி மருந்து கெடாம இருக்க பாதரசம் கலக்குறாங்களாமே, உண்மையா?" வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு குரல் பதிவு அவர்களைப் பயமுறுத்தியிருக்கும். பெற்ற பிள்ளையைப் பற்றிய பயம். அதற்கு முழுப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பல குழந்தைகளுக்கான மருந்து ஒரே குப்பியில் இருந்தால், ஊசி நுழையும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போகலாம். 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் இப்படித்தான் நடந்தது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) தடுப்பு மருந்தில் கிருமி பெருகி, ஊசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்துபோனார்கள். இப்படிக் கிருமி வளராமல் தடுக்க 1930-களிலிருந்து தியோமெர்சல் என்ற பொருளைத் தடுப்பூசிகளில் சேர்க்கத் தொடங்கினார்கள்.

தியோமெர்சலில் பாதரசம் இருப்பது உண்மை. அது சேர்ந்த ஊசியில் ஒரு தடவைக்கு 25 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஆனால் அது எத்தில் வகை. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே பாதியாகிவிடும். உடம்பில் தங்கிச் சேர்வது மெத்தில் வகை. அது பாதியாகவே ஒன்றரை மாதம் பிடிக்கும். எத்தனாலுக்கும், கள்ளச் சாராயத்தில் கலந்து ஆளைக் கொல்லும் மெத்தனாலுக்கும் உள்ள வித்தியாசம் நம் தோட்டத்து மக்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

அந்த மெத்தில் பாதரசம் பெரிய கடல் மீன்களில்தான் அதிகம். பால் சுரக்கட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்கு நாம் ஆசையாகச் செய்து தரும் சுறாப் புட்டும் அதில் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பாட்டிமார் என்னைக் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கெம்போங், மத்தி மாதிரி சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சரி, நம் பிள்ளைகளுக்குப் போடுவதில் என்ன இருக்கிறது? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) 2, 3, 5, 18 மாதங்களில் போடும் ஆறு நோய்த் தடுப்பூசி, ஒரு குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. அதில் தியோமெர்சல் இல்லை. 9, 12 மாதங்களில் போடும் எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியில் எந்தக் காலத்திலும் தியோமெர்சல் இருந்ததில்லை. உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ் அது; தியோமெர்சல் சேர்த்தால் மருந்தே செத்துப்போகும்.

தியோமெர்சலால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. டென்மார்க் 1992-இலேயே குழந்தைகளின் தடுப்பூசிகளில் தியோமெர்சலை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் குறையவில்லை, கூடித்தான் போனது. ஆனால் ஊசியைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2016-இல் டிப்தீரியா குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஊசி போடும் முன் மருந்துப் பெட்டியைக் காட்டச் சொல்லி மிஸியிடம் (தாதியிடம்) தயங்காமல் கேளுங்கள். முந்தைய ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு முகம் வீங்கியிருந்தாலோ மூச்சுத் திணறியிருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் இரண்டொரு நாளில் தணிந்துவிடும்.