தொடவில்லை, படம்தான் எடுத்தோம்

மாசி பிறந்தாலே என் கால்நடை கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். செருப்புப் பெட்டி, ஸ்வீட் பெட்டி, குழந்தையின் டிபன் டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே இறகு முளைக்காத ஒரு குஞ்சு. இந்த வாரம் வந்தவை இரண்டு தேன்சிட்டுக் குஞ்சுகள். ஒன்று வரும்போதே குளிர்ந்துபோயிருந்தது, மற்றொன்று அன்று மாலை போய்விட்டது. கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள், கண் கலங்கி நின்றார்கள். “நாங்க கையால தொடவே இல்லை டாக்டர். வீடியோ மட்டும்தான் எடுத்தோம். கூடு சரியாத் தெரியலைன்னு முன்னாடி இருந்த ரெண்டு கிளையை மட்டும் ஒதுக்கிக் கட்டினோம்” என்றார்கள்.

இதே வாக்கியத்தை நான் கேட்காத வருடமே இல்லை. எல்லோர் கையிலும் நல்ல கேமராவோடு போன் இருக்கிறது, வீட்டைச் சுற்றி நாலு செடியும் இருக்கிறது. தோட்டத்துப் பறவையையும் அணிலையும் ஓணானையும் படம் எடுப்பது நல்ல பழக்கம், அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. கூட்டை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் ‘தொடவில்லை’யைப் பார்ப்போம். மனித வாடை பட்டால் தாய்ப்பறவை குஞ்சைச் சேர்க்காது, கொத்திக் கொன்றுவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. உண்மை அப்படி இல்லை. நம் தோட்டத்துக்கு வரும் தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ தையல்சிட்டோ வாடையை வைத்துக் குஞ்சை ஒதுக்குவது கிடையாது. பறவை ஆய்வாளர்கள் கூட்டிலிருந்து குஞ்சைக் கையில் எடுத்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, திரும்பக் கூட்டில் வைக்கிறார்கள். பெற்றோர் பறவைகள் வந்து இரை ஊட்டத்தான் செய்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், காகத்தைப் பாருங்கள். தன் கூட்டில் குயில் இட்ட முட்டையை அடைகாத்து, தன்னைப்போல் இல்லாத, தன் குரலில் கத்தாத குயில் குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்க்கிறது. மனித விரலின் வாடைக்காகப் பெற்ற குஞ்சைக் கைவிடும் இனமா அது?

இந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. கீழே விழுந்த குஞ்சைக் கூட்டில் திருப்பி வைக்க வேண்டிய இடத்தில், “தொட்டாச்சு, இனி அம்மா சேர்க்காது” என்று பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். அதைவிட மோசம், தொடாதவரை எது செய்தாலும் குற்றமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சாண் தூரத்தில் போனை நீட்டி அரை மணி நேரம் நிற்பார்கள். ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. தொடவில்லை, அது நிஜம்தான். ஆனால் அந்த நேரமெல்லாம் தாய்ப்பறவை எங்கே இருந்தது?

அலகில் பூச்சியோடு எதிர்க் கம்பியில் உட்கார்ந்து, நீங்கள் போவதற்காகக் காத்திருந்தது. நீங்கள் நிற்கும் வரை அது கூட்டுக்கு வராது. இறகில்லாத குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் குளிர்ந்துபோகும், நண்பகலில் வெந்துபோகும். தேன்சிட்டு தேன் குடிக்கும் பறவைதான், ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் சிறு பூச்சிகளும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓயாமல் ஊட்ட வேண்டும். அதில் அரை மணி நேரம் போனால் நமக்கு ஒன்றுமில்லை, சில கிராம்கூட இல்லாத அந்த உடம்புக்கு அது பெரிய நேரம்.

“எங்க வீட்டு வாசல்ல, காலிங்பெல் வயர்லதான் கட்டியிருக்கு. மனுஷங்களுக்குப் பயந்தா அங்கே ஏன் கட்டுது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நீங்கள் தினமும் கடந்து போவதற்கு அது பழகியிருக்கிறது. பால் பாக்கெட் எடுப்பது, கோலம் போடுவது, வண்டியைத் தள்ளுவது, எதுவும் அதைப் பாதிப்பதில்லை. கடந்து போகிறவர் நின்று, திரும்பி, கூட்டையே பார்த்தால் அப்போது நிலைமை மாறிவிடுகிறது. நின்று உற்றுப் பார்ப்பது பூனையும் வல்லூறும் செய்யும் வேலை.

கிளையை ஒதுக்கிக் கட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த வாரக் குஞ்சுகள் போனது அதனால்தான். பறவை இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அந்த இலைகளை நம்பித்தான். தேன்சிட்டு சிலந்தி வலையால் நார்களைப் பின்னி, மரப்பட்டைத் துண்டுகளையும் புழுக்களின் எச்சத்தையும் வெளியே ஒட்டி, காற்றில் சிக்கித் தொங்கும் குப்பைபோலக் கூட்டை அமைக்கிறது. தையல்சிட்டு உயிருள்ள இலையின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து அதற்குள் குடியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நல்ல வெளிச்சம் வேண்டுமென்று நாம் இரண்டு நிமிடத்தில் திறந்து விடுகிறோம். மதிய வெயில் நேராக இறங்கும். காகம் பார்க்கும். காகம் உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை மறக்காதீர்கள். செடியருகே அடிக்கடி நிற்கும் மனிதர் அதற்கு ஒரு தகவல். நீங்கள் உள்ளே போய்ப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அது வந்து இறங்கும். வால்காக்கையும் செண்பகப் பறவையும் ஓணானும் அப்படித்தான்.

இன்னொன்று, பறக்கும் பருவத்துக்கு ஓரிரு நாள் முன்னால் இருக்கும் குஞ்சுகள். இறகு முளைத்து, கூட்டு வாசலில் தலை நீட்டிப் பார்க்க அழகாக இருக்கும். எல்லோரும் படம் எடுக்க வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் முகத்தருகே போன் வந்தால் குஞ்சு பயந்து வெளியே குதித்துவிடும். திரும்ப வைத்தாலும் உள்ளே இருக்காது, மறுபடி குதிக்கும். கால் முறிந்து வரும் கொண்டைக்குருவிக் குஞ்சுகளில் நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட கதை பெரும்பாலும் இதுதான். தீக்குச்சியைவிட மெல்லிய எலும்பு, அதற்குக் கட்டுப்போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடுதல் என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். உங்கள் வீட்டுச் செடி, உங்கள் கம்பி என்பதால் கூடு உங்களுடையது ஆகிவிடாது. கூட்டுப் படங்களைப் பல இயற்கை இதழ்களும் போட்டிகளும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் போட்டிக்கு அனுப்பும் தம்பிகள் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, அப்போது எதைப் படம் எடுப்பது?

பறவை தானாக வரும் இடத்தை எடுங்கள். தோட்டத்தில் ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி, ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தாலே போதும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும், அதன் இலையில் அழகான பட்டாம்பூச்சிப் புழுக்களும் கிடைக்கும். எருக்கஞ்செடியை வெட்டாமல் விட்டால் அதற்கென்றே வரும் பட்டாம்பூச்சிகள் உண்டு. ஒரு அகலமான மண் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டுவிடுங்கள். குளிக்க வரும் பறவை முதலில் அந்தக் குச்சியில்தான் உட்காரும். தண்ணீரைத் தினமும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கொசுவைத்தான் வளர்ப்பீர்கள்.

நீங்கள் வீட்டுக்குள் இருங்கள். அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருங்கள். கண்ணாடி வழியாக எடுப்பதென்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. நிக்கான் பி900 போன்ற கேமரா இருந்தால் 83 மடங்கு ஜூம் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு செடிக்குள் தலையை விடுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. போன்தான் இருக்கிறது என்றால் சின்ன ஸ்டாண்டில் மாட்டித் தண்ணீர்த் தட்டருகே வைத்து, வீடியோவை ஓடவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். தட்டருகே வைக்கலாம், கூட்டருகே அதையும் வைக்காதீர்கள்.

ஆண் தேன்சிட்டின் தலையிலும் தொண்டையிலும் தெரியும் பச்சையும் ஊதாவும் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தவறினால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். காலை ஏழு மணி வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, பறவை தலையைத் திருப்பும் வரை காத்திருங்கள். அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டுப் படமெல்லாம் ஒன்றுமே இல்லை.

செயலியில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். மெர்லின் போன்ற செயலி எது கூவுகிறது என்று கண்டுபிடிக்க அருமையான துணை, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்பவர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதே குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டால் தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று அங்கிருக்கும் பறவை இரை தேடுவதை விட்டு அதைத் தேடி அலையும். இரவில் ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பட்டாம்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மந்தப்படுத்தி எடுக்கும் பழக்கம் சிலரிடம் பரவியிருக்கிறது, அது கொடுமை, வேறு பெயர் அதற்கில்லை. குரங்குக்கு பிஸ்கட் நீட்டிப் படம் எடுக்க நினைப்பவர்கள் நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசியைத்தான் குரங்குக் கடிக்கும் போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாம்பு விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. தோட்டத்தில் நல்லபாம்பு படமெடுத்து நிற்கிறது, வீட்டு நாய் அதைச் சுற்றிக் குரைக்கிறது, முதலாளி வீடியோ எடுக்கிறார். பத்து நிமிடம் கழித்து நாயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறார். அந்த வீடியோவையே என்னிடம் காட்டி “இங்கேதான் கொத்துச்சு டாக்டர்” என்கிறார். ஐயா, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுக்க வேண்டிய நேரம் அல்லவா அது? நாய்க்கும் மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் போடுகிறோம். அது எல்லா கிளினிக்கிலும் எல்லா நேரமும் கையிருப்பில் இருப்பதில்லை. மூச்சு நிற்கத் தொடங்கிய பிறகு வந்தால் மருந்து இருந்தும் பல நேரம் பயனில்லை.

பாம்பைப் பார்த்தால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று ஜன்னல் வழியாகக் கண்ணை எடுக்காமல் பாருங்கள், பிடிக்க வருபவருக்கு அதுதான் உதவும். வாலை மிதித்தோ குச்சியால் தட்டியோ படமெடுக்க வைக்காதீர்கள். கடிபட்டவர் மனிதர் என்றால் பாம்பைத் தேடி ஓட வேண்டாம், கட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்கு.

கடைசியாக, இவ்வளவுக்குப் பிறகும் குஞ்சு கீழே கிடந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். கண் திறக்காமல் இறகில்லாமல் இருந்தால் கையில் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். தயங்காதீர்கள், வாடையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கூடு சிதைந்திருந்தால் தேங்காய்ச் சிரட்டையில் அடியில் ஓட்டை போட்டு, காய்ந்த நார் பரப்பி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் கட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஒளிந்திருந்து பாருங்கள், பெரும்பாலும் தாய் வந்துவிடும். இறகு மூடி, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் குஞ்சு என்றால் அது விழுந்ததல்ல, பறக்கப் பழகுகிறது. பூனையை உள்ளே கட்டிப்போட்டு, குஞ்சைப் பக்கத்துக் கிளையில் உட்காரவைத்து நகர்ந்துவிடுங்கள்.

பால் ஊற்றாதீர்கள், பறவைக்குப் பால் செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் சொட்டாதீர்கள், மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பஞ்சில் வைக்காதீர்கள், இழை காலில் சுற்றும், மெல்லிய துணி போதும். ரத்தம் வந்தாலோ, கால் தொங்கினாலோ, பூனை வாய் வைத்திருந்தாலோ உடனே கொண்டுவாருங்கள். பூனையின் பல் பட்ட காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் ஒரே நாளில் சீழ் பிடித்துவிடும்.

மற்றபடி பெட்டியில் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள். குஞ்சு கிடக்கும் இடத்தை நாலடி தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கண் திறந்திருக்கிறதா, இறகு எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பார்த்து, கூட்டில் வைப்பதா, அப்படியே விடுவதா, கொண்டுவருவதா என்று அதை வைத்தே சொல்லிவிட முடியும்.