மாய்ஸ்சரைசர்: ஈரமூட்டியா, ஈரக்காப்பா?

அழகுக் குறிப்புப் பக்கங்களில் ‘மாய்ஸ்சரைசர்’ என்பதை ‘ஈரப்பதமூட்டி’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. என் அக்காள் மகள் பருவுக்காக ட்ரெட்டினாயின் களிம்பு பூசத் தொடங்கியிருந்தாள். இரண்டாம் வாரம் மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாக உரிந்து, கன்னம் சிவந்து வந்து நின்றாள். மாய்ஸ்சரைசர் பூசுகிறாயா என்று கேட்டேன். “எண்ணெய் வழிகிற முகம் சித்தி, இதற்கு எதற்கு ஈரப்பதம்?” என்றாள். அவள் மீது குற்றமில்லை. பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

‘மாய்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் ‘மொய்ஸ்த்’ என்பதிலிருந்து வந்தது. ஈரமான, நனைந்த என்று பொருள். அதிலிருந்து ‘மாய்ஸ்சர்’, அதாவது ஈரம்; அதிலிருந்து ‘மாய்ஸ்சரைசர்’, ஈரமாக்குவது. ஆங்கிலப் பெயரே பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நாம் அதை அப்படியே பெயர்த்ததோடு, வானிலை அறிக்கைக்குச் சொந்தமான ‘ஈரப்பதம்’ என்ற சொல்லையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம். காற்றில் இருக்கும் நீராவியின் அளவுக்கும் கன்னத்தில் பூசும் களிம்புக்கும் என்ன தொடர்பு?

தோலை மென்மையாக வைத்திருப்பது எண்ணெய் அல்ல, நீர். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952இல் இதைக் காட்டினார். காய்ப்பேறிய தோலைத் துண்டாக எடுத்து உலரவைத்தால் விறைத்துப்போகிறது. எண்ணெயில் எவ்வளவு ஊறவைத்தாலும் விறைப்பு போவதில்லை. நீரை உறிஞ்சியதும் வளைகிறது. அந்த நீர் களிம்பிலிருந்து வருவது குறைவு. உடலின் உள்ளிருந்து மேலே ஏறி, தோலின் வழியாக ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் நீர்தான் அது. களிம்பில் கலந்திருக்கும் நீரோ பூசிய சிறிது நேரத்தில் காற்றில் போய்விடும். ஆகவே நல்ல மாய்ஸ்சரைசரின் முதல் வேலை ஈரத்தைக் கொடுப்பதைவிட, இருக்கும் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு வாசலினைவிடத் தெளிவான சான்று இல்லை. ராபர்ட் செஸ்பிரோ 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. ஜெர்மன் மொழியில் நீரைக் குறிக்கும் ‘வாஸர்’, கிரேக்கத்தில் எண்ணெயைக் குறிக்கும் ‘எலையோன்’ இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர் என்பார்கள். பெயரில்தான் நீர், டப்பாவில் ஒரு துளியும் கிடையாது. ஆனாலும் தோலிலிருந்து நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் அதற்கு இணையான பூச்சு அரிது. அதைப் போய் ஈரமூட்டி என்று எப்படி அழைப்பது? கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடித்துவைப்பவை, அவையும்கூடக் காப்பவைதான்.

எனவே என் தேர்வு ‘ஈரக்காப்பு’. குழந்தையின் கையில் இடுவதும் காப்பு, அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு, நூலின் முதலில் பாடுவதும் காப்பு. தீங்கு அணுகாமல் காப்பது என்ற பொருள் நம் நாவில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. ‘ஈரங்காப்பி’ என்றும் ஆக்கலாம்; ஆனால் கேட்பவருக்குக் குடிக்கும் காப்பி நினைவுக்கு வந்துவிடும்.

இதனோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘ஸ்கின் பேரியர்’, அதாவது உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் காக்கும் தோலின் மேலடுக்கு. குறுக்குக் கட்டையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது ‘பேரியர்’. தமிழில் ‘தோல் தடை’ என்று எழுதினால் தோலுக்கு யாரோ தடை விதித்ததுபோல் ஒலிக்கிறது. ‘தோலரண்’ என்பதே பொருத்தம். வள்ளுவர் 742ஆம் குறளில் அரணின் உறுப்புகளை அடுக்கும்போது, மண்ணுக்கும் மலைக்கும் காட்டுக்கும் முன்னால் நீரை வைக்கிறார். தோலின் அரணும் நீர் வற்றினால் நிற்பதில்லை. உயிரற்ற தட்டையான செல்கள் செங்கல்போல் அடுக்கடுக்காக இருக்க, இடையில் சாந்துபோல் கொழுப்புகள் நிரம்பியிருக்கின்றன. அந்தச் சாந்தில் ஏறத்தாழப் பாதி செரமைடுகள் என்ற கொழுப்பு வகை. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பமிலங்களும். முகத்தில் இந்த அரண் முழுவதும் சேர்ந்தாலும் தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

‘ஆக்டிவ்’ என்று விற்கப்படும் செயற்பொருள்கள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. கிளைகாலிக் அமிலம் மேல்செல்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலும் அதன் உறவான ட்ரெட்டினாயினும் செல்கள் புதிதாகும் வேகத்தைக் கூட்டுகின்றன. தொடக்க வாரங்களில் அரண் மெலிகிறது. பயன் கிடைக்க அந்த வாரங்களைக் கடந்தாக வேண்டும், கடக்க உதவுவது ஈரக்காப்பு. எண்ணெய் வழிகிற முகத்துக்கும் இதே கதைதான். எண்ணெய்ப்பசை வேறு, ஈரப்பசை வேறு. முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் ஒரே முகத்தில் இருக்க முடியும்.

அக்காள் மகளுக்கு மருத்துவர் முறையை மாற்றிக் கொடுத்தார். முகத்தைக் கழுவி நன்றாக உலரவிட்டு, முதலில் ஈரக்காப்பு. பிறகு முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ட்ரெட்டினாயின். தேவைப்பட்டால் மேலே மறுபடியும் ஈரக்காப்பு. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் போதும். வேறு அமிலங்களை அப்போது தொடக்கூடாது. வழக்கமான ஈரக்காப்பே எரிந்தால் அரண் புண்பட்டிருக்கிறது என்று பொருள். செயற்பொருளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க இருப்பவர்களும் ரெட்டினால் வகைகளைத் தவிர்க்க வேண்டும்.

இவற்றைப் பூசும் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும் என்பதால், காலையில் சன்ஸ்கிரீனும் கட்டாயம். அதற்கு ‘வெயில்காப்பு’ என்று பெயர் வைத்தால், இரவுக்கு ஈரக்காப்பு, பகலுக்கு வெயில்காப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் எளிது.