மேல்வீட்டுச் சத்தமும் கீழ்வீட்டுக் கோபமும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில் குடியிருந்தும், நள்ளிரவில் மேல்வீட்டுத் தரையில் கோலிகுண்டு உருளும் சத்தத்தை ஒருவர் கேட்டதே இல்லை என்றால், அவர் கொடுத்துவைத்த தூக்கக்காரர். டக், டக்டக், பிறகு உருண்டு ஓடும் ஓசை. ஆங் மோ கியோவிலும் கேட்கிறது, ஈசூனிலும் கேட்கிறது, ஜூரோங்கிலும் கேட்கிறது. இத்தனை வீடுகளில் இத்தனை பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்குக் கோலி விளையாடுகிறார்களா என்று கொஞ்சம் யோசித்தாலே விஷயம் வேறு என்று தெரிந்துவிடும். குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிறுத்தப்படும்போது எழும் அதிர்வு, பகல் வெயிலில் விரிந்த கட்டடப் பாகங்கள் இரவில் சுருங்குவது ஆகியவற்றைத்தான் இதற்குக் காரணமாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு என் எதிரில் வந்து உட்காருபவரிடம் எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் எடுபடாது. "அப்போது நான் பொய் சொல்கிறேனா?" என்பார்.

நான் வழக்கறிஞர். தொண்டூழியமாக அண்டைவீட்டார் சச்சரவுகளில் சமரசம் பேசி வைப்பதும் உண்டு. சமரச மேசையில் பேசியவை வெளியே போகக்கூடாது என்பது விதி. அதனால் கீழே வரும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கோபங்களை மாற்றவில்லை.

ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 6 மில்லியன் பேருக்கு மேல் வாழ்கிறோம். இங்கு நிரந்தரமாகக் குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். இடித்துக்கொள்ளாமல் வாழ வழியில்லை. காலை நேர எம்ஆர்டியில் யாரோ ஒருவரின் முதுகுப்பை நம் மூக்கை இடிக்கிறது. உணவங்காடி நிலையத்தில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து நான்கு பேர் உட்காரும் மேசையைப் பிடித்துவிட்டு, எந்த மகராசனோ வரிசையில் நிற்கப் போய்விடுகிறான். எரிச்சல்தான். ஆனாலும் ரயிலை விட்டு இறங்கியதும், சாப்பாடு வந்ததும் அது மறந்துவிடுகிறது. அந்த முதுகுப்பைக்காரரின் மீது வழக்குப் போட வேண்டும் என்று எவரும் என்னிடம் வந்ததில்லை.

வீட்டுக்குள் வரும் தொல்லை மட்டும் ஏன் மனிதரை இப்படிப் பிடித்தாட்டுகிறது? சத்தத்தின் அளவு காரணமாக இருக்க முடியாது. பஸ் முனையத்தின் இரைச்சலோடு ஒப்பிட்டால் மேல்வீட்டில் நாற்காலி இழுபடுவது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நாற்காலி எப்போது இழுபடும், எப்போது நிற்கும் என்று நமக்குத் தெரியாது. நிறுத்தவும் நம்மால் முடியாது. அடுத்த சத்தத்துக்காகக் காது காத்திருக்கத் தொடங்கிய இரவிலிருந்து, சத்தம் இல்லாத நேரமும் போய்விடுகிறது. கூடவே ஒரு கதையும் முளைத்துவிடுகிறது: "வேண்டுமென்றே செய்கிறார்கள்." என்னிடம் வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. மேல்வீட்டுக்காரரும் இதே வாக்கியத்தோடுதான் வருகிறார்: "வேண்டுமென்றே புகார் கொடுக்கிறார்கள்."

ஓர் அம்மா பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்கள்: தேதி, நேரம், என்ன சத்தம். நள்ளிரவுக்கு முன் கேட்டவை நீல மையில், பின் கேட்டவை சிவப்பில். "இரும்பு விழுந்தது", "உருட்டல்", "இழுப்பு", "மறுபடியும் இழுப்பு." மேல்வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பக்கங்களைப் புரட்டினார். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் அவர் விரல் நின்றது. கைப்பேசியை எடுத்து விமான டிக்கெட்டுகளைக் காட்டினார். அந்த வாரம் முழுவதும் குடும்பத்தோடு திருச்சியில் இருந்திருக்கிறார். பூட்டிய வீடு. புத்தகத்தில் அந்த ஏழு நாளும் சிவப்பு மை.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. சத்தம் நிஜம், திசைதான் தவறு. பேச்சும் தொலைக்காட்சி ஒலியும் காற்று வழியாக வருவதால் கதவைச் சாத்தினால் ஓரளவு குறையும். தரையில் விழும் அடியும் இயந்திரத்தின் அதிர்வும் அப்படியல்ல. கான்கிரீட்டுக்குள் புகுந்து, தூண் வழியாகவும் சுவர் வழியாகவும் ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஒலிக்கும். பக்கவாட்டு வீடாக இருக்கலாம், இரண்டு மாடி மேலேயும் இருக்கலாம், சில சமயம் கீழிருந்தும் வரும். நம் காது மட்டும் கூரையைப் பார்த்து, 'மேல்வீடு' என்று தீர்ப்பெழுதிவிடும். அந்த இரு வீட்டாரும் பிறகு சேர்ந்து தேடினார்கள். குறுக்கே இரண்டு மாடி மேலே, கால் சமமாக நிற்காத ஒரு துணி துவைக்கும் இயந்திரம் என்பது அவர்கள் ஊகம். உறுதியாகக் கண்டுபிடித்தார்களா என்று எனக்குத் தகவல் வரவில்லை. வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நம்மவர் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகார் கொடுப்பவராக வரும் தமிழர் எத்தனையோ, புகாருக்கு ஆளாகி வருபவரும் அத்தனை. விடிகாலை ஐந்து மணிக்கு மிக்சி. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், சட்னி அரைத்தாக வேண்டும், நியாயம்தான். ஆனால் கீழே இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்தவர் இருக்கலாம். கல்லுரலைத் தரையில் வைத்து இஞ்சி, பூண்டு இடிக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த ஒவ்வோர் இடியும் கீழ்வீட்டுக் கூரையில் சுத்தியலடியாகக் கேட்கும். உரலுக்கடியில் தடித்த துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். மிக்சிக்கடியில் ரப்பர் விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டு. சில வெள்ளி (டாலர்) செலவு. சண்டைக்குப் பிறகு செய்தால் தோற்றதுபோல் இருக்கும் என்பதாலேயே பலர் இதைச் செய்ய மறுக்கிறார்கள். சண்டைக்கு முன்பே செய்துவிட்டால் அந்தக் கௌரவப் பிரச்சினை எழாது.

சாம்பிராணிப் புகை, நடைபாதைச் செருப்புத் தட்டு, மேலே காயப்போட்ட துணி கீழே சொட்டுவது என்று மற்றவையும் வரும். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. நடைபாதை, மாடிப்படி, புளோக்கின் கீழ்த்தளம் ஆகியவற்றில் 2013 முதல் புகைபிடிக்கத் தடை. தன் வீட்டு ஜன்னலோரத்தில் நின்று ஒருவர் புகைத்தால் அந்தத் தடை பொருந்தாது. அதனால்தான் அந்தச் சச்சரவுகள் எங்களிடம் வருகின்றன.

இனி, என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடத்துக்கு வருகிறேன். அது முதல் பேச்சு.

பலர் முதலில் பேசுவதே இல்லை. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். பிறகு விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கிறார்கள், அல்லது பெயரில்லாத கடிதத்தைக் கதவிடுக்கில் செருகுகிறார்கள், அல்லது நேரே நகர மன்றத்துக்கும் வீவகவுக்கும் புகார் அனுப்புகிறார்கள். மேல்வீட்டுக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். சத்தம் கேட்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்து நிற்கிறார். யார் போட்ட புகார் என்று தெரியாததால் அவர் எல்லோரையும் சந்தேகிக்கிறார். மின்தூக்கியில் பார்த்தும் வணக்கம் சொல்வதை நிறுத்துகிறார். அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு கரண்டிக்கும் அர்த்தம் ஏறிவிடுகிறது. பெயரில்லாக் கடிதத்தில் தொடங்கிய வழக்கைப் பேசித் தீர்ப்பது, நேருக்கு நேர் நடந்த சண்டையைத் தீர்ப்பதைவிடக் கடினம். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே போய்ப் பேசுங்கள். சத்தம் கேட்கும் நேரத்தில் போகாதீர்கள். அப்போது உங்கள் குரல் உங்கள் வசம் இருக்காது. மறுநாள் மாலை, சாப்பாட்டு நேரத்துக்கு முன், ஒருவராகப் போங்கள். கணவன், மைத்துனன், மகன் என்று படையாகப் போனால் கதவைத் திறப்பவர் பயந்துவிடுவார். பழியைச் சுமத்தாமல் கேள்வியாகத் தொடங்குவது நல்லது: "அங்கிள், நான் கீழ்வீட்டில் இருக்கிறேன். இரவு பதினொன்றரைக்கு மேல் ஏதோ உருளும் சத்தம் வருகிறது. உங்களுக்கும் கேட்கிறதா? எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை." இந்தக் கடைசி வாக்கியம் தந்திரம் இல்லை. உண்மையாகவே தெரியாதல்லவா? மொழி தடையாக இருந்தால், இருவருக்கும் தெரிந்த இன்னோர் அண்டைவீட்டாரை அழைத்துக்கொள்ளலாம்.

செய்யவே கூடாத ஒன்று, காணொளி எடுத்துப் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மனம் கொஞ்சம் ஆறுமே தவிர, பேச்சுக்கான கதவு அதோடு சாத்தப்படும். வீட்டு எண், பெயர், முகம் எல்லாவற்றையும் வெளியிட்டுத் துன்புறுத்தினால் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் நீங்களே பதில் சொல்ல வேண்டியவர் ஆகலாம். பதிலடியாக ஒலிபெருக்கியைச் சுவரில் சாய்த்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இரவிலிருந்து எதிர்த்தரப்பும் பயிற்சிப் புத்தகம் எழுதத் தொடங்கிவிடும்.

பேசியும் தீராவிட்டால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. சட்ட அமைச்சின் கீழ் 1998 முதல் இயங்கி வருகிறது. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற தொண்டூழியர் நடுவில் உட்கார்ந்து இருதரப்பையும் பேசவைப்பார். தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசுவார். தமிழிலும் பேசலாம். உடன்பாடு எழுத்தில் வரும், இருவரும் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாளில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் சூட்சுமம். "இனி சத்தம் போடமாட்டோம்" என்று எழுதிய தாள் ஒரு மாதம் தாங்காது. "இரவு பத்துக்குப் பிறகு துணி துவைக்கும் இயந்திரம் ஓடாது, சனிக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்தால் ஒன்பதரை வரை பொறுத்துக்கொள்வோம், தாங்க முடியாவிட்டால் கதவைத் தட்டாமல் இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவோம்" என்று எழுதினால் நிற்கும்.

சமரசம் என்றாலே நம்மில் பலருக்கு 2011 கறிச் சர்ச்சை நினைவுக்கு வரும். இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசம் தாங்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்து குடியேறிய அண்டைவீட்டார் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது என்று உடன்பாடானது. சில ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சமரசம் 2011 ஆகஸ்ட்டில் செய்தியாக வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று இன பேதமின்றிப் பலர் தங்கள் வீடுகளில் கறி சமைத்தார்கள். எனக்கும் அந்த உடன்பாட்டைக் கேட்டால் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த யோசனையை முன்வைத்தது இந்தியக் குடும்பமே என்று அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்கினார். இரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஏற்பாடு, வெளியிலிருந்து பார்க்கும் நமக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே சமயம், விட்டுக்கொடுக்கும் குணமுள்ளவர் மட்டுமே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனிப்பது நடுவில் உட்காருபவரின் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று அக்கம்பக்கச் சத்தம் பற்றி ஆராய்ந்த ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது. வீவக வீட்டுப் புதுப்பிப்பில் இடித்தல், துளையிடல் போன்ற பெருஞ்சத்த வேலைகள் வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது.

2015இல் சமூகப் பூசல்களுக்கென்று தனி நடுவர் மன்றம் வந்தது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாட வேண்டும். அங்கே எனக்கு வேலை இல்லை என்பதை என் தொழில் நண்பர்கள் கவனிக்கவும். 20,000 வெள்ளி வரை இழப்பீடு, தொல்லையை நிறுத்தும் உத்தரவு, மன்னிப்புக் கேட்கச் சொல்லும் உத்தரவு ஆகியவற்றை அந்த மன்றம் பிறப்பிக்கலாம். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. சத்தத்தை நிரூபிப்பது, அதிலும் இன்ன வீட்டிலிருந்துதான் வந்தது என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று மேலே பார்த்தோம். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, சமரசத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தவும் இப்போது வழி உண்டு. கடுமையான வழக்குகளை விசாரிக்கும் சமூக உறவுப் பிரிவு ஒன்று 2025இல் தெம்பனிசில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது.

சமரசம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மிரட்டல், கத்தி, கதவை உதைத்தல் என்று போனால் பேச்சு வேண்டாம், காவல்துறையை 999இல் அழையுங்கள். எதிர்வீட்டுக்காரர், இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்லிக் கத்துகிறார், சுவரைக் குத்துகிறார் என்றால் அவருக்குத் தேவை மருத்துவ உதவியாக இருக்கலாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. தூக்கமிழந்து நொந்துபோன நீங்கள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது. வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள். புகார் கொடுத்தால் அறை போய்விடுமோ என்று அஞ்சி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டியவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் சமரச நிலையத்தின் கதவு திறந்தே இருக்கிறது.