முதல்ல சூடு, அப்புறம் தான் பால்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல வர்ற போன்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். "டாக்டர், ஷெல்டர்ல இருந்து நாய்க்குட்டிங்கள எடுத்துட்டு வந்துட்டேன், அம்மா இல்ல, கண்ணே திறக்கல, பால் குடுத்தா குடிக்க மாட்டேங்குது." நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணு தான். குட்டிய தொட்டா கதகதன்னு இருக்கா, ஜில்லுனு இருக்கா?

ஒரு அம்மா அஞ்சு குட்டிங்கள அட்டைப்பெட்டில வச்சு எங்கிட்ட கொண்டு வந்தாங்க, பொறந்து மூணு நாள் இருக்கும், ஷெல்டர்ல தாய் நாய் செத்துப்போச்சு, வேற யாரும் எடுக்கல, இவங்க மனசு கேக்காம தூக்கிட்டு வந்துட்டாங்க. வந்ததும் பாவம் பசிக்குமேன்னு டிராப்பர்ல பால் ஊத்திருக்காங்க. அதுல ரெண்டு குட்டி எங்கிட்ட வரும்போதே வயிறு உப்பி, மூக்குல பால் நுரை தள்ளிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டையும் என்னால காப்பாத்த முடியல. அந்த அம்மா மேல எந்த தப்பும் இல்ல, யாருமே அவங்களுக்கு சொல்லல, அதனால தான் இத எழுதுறேன்.

பொறந்த குட்டிக்கு தன் உடம்ப தானே சூடாக்கிக்க தெரியாது. பெரிய நாய்க்கு உடம்பு சூடு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், முதல் வாரக் குட்டிக்கு 95ல இருந்து 98 வரைக்கும் தான். குளிர்ல நடுங்குறோமே, அந்த நடுக்கம் கூட முதல் வாரத்துல அதுக்கு வராது, அதனால நடுங்கலயே நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சுடாதீங்க. தாயும் கூடப்பொறந்ததுங்களும் தான் அதோட அடுப்பு. உடம்பு 94க்கு கீழ போயிட்டா குடல் வேலை செய்யுறதையே நிறுத்திடும், உள்ள போன பால் ஜீரணமாகாம அப்படியே தேங்கி கேஸ் ஆகும், உறிஞ்சுற சக்தியும் விழுங்குற சக்தியும் குறைஞ்சு போயிருக்கறதால பால் நுரையீரலுக்குள்ள போயிடும். ஜில்லுனு இருக்குற குட்டிக்கு ஒரு சொட்டு பால் கூட வேணாம்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

சூடும் மெதுவா தான் ஏத்தணும். சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வச்சுக்கறது அவசரத்துக்கு ரொம்ப நல்ல வழி. இல்லனா ஹாட் வாட்டர் பேக்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, டவல் சுத்தி பக்கத்துல வைங்க, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, வேகமா சூடு பண்ணினா அதுவே ஆபத்து. ஹீட்டிங் பேட் இருந்தா பெட்டியோட பாதிக்கு மட்டும் போடுங்க, சூடு அதிகமானா குட்டி நகர்ந்து போக இடம் வேணும், தோலு அவ்ளோ மெல்லிசு, சட்டுனு வெந்துடும். முதல் வாரம் பெட்டிக்குள்ள 85ல இருந்து 90 டிகிரி இருக்கணும், அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம். குட்டிங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சு கிடந்தா குளிருதுன்னு அர்த்தம், தள்ளித் தள்ளிப் படுத்து மூச்சு வாங்கினா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம்.

இப்ப பால். மாட்டுப்பால் வேணாம், நாய்ப்பால்ல கொழுப்பும் புரோட்டீனும் அதவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும், லாக்டோஸ் கம்மியா இருக்கும், அதனால மாட்டுப்பால் குடிச்ச குட்டிக்கு வயித்தால போகும், சத்தும் பத்தாது. நாய்க்குட்டிக்குன்னே பால்பவுடர் இருக்கு, அத வாங்குங்க, டப்பால போட்டிருக்குற அளவுக்கு மேல கெட்டியா கலக்காதீங்க. முதல் வாரம் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ராத்திரியும் சேர்த்துத் தான். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிய தாண்டாதீங்க, வயிறு அவ்ளோ தான் கொள்ளும்.

எல்லாரும் பண்ற ஒரு தப்பு, மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சு குடுக்கறது. குட்டி குப்புறக் கிடக்கணும், தலை லேசா தூக்கின மாதிரி, தாய்கிட்ட குடிக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. பாட்டில கவுத்தா பால் சொட்டு சொட்டா விழணும், கொட்டக்கூடாது, நீங்க அழுத்தவும் கூடாது, அதுவா உறிஞ்சட்டும். மூக்கு வழியா பால் வந்தா அப்பவே நிறுத்திட்டு டாக்டர பாருங்க. டியூப் போட்டு குடுக்கறத வீடியோ பாத்து முயற்சி பண்ணாதீங்க, டியூப் நுரையீரல்ல இறங்கிட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும், யாராவது பக்கத்துல நின்னு கத்துக்குடுத்தா மட்டும் செய்யுங்க.

குடிச்சு முடிச்சதும் இன்னொரு வேலை இருக்கு. மூணு வாரம் வரைக்கும் குட்டிக்கு தானா உச்சாவும் ஆயும் வராது, தாய் நக்கி நக்கி தான் போக வைக்கும், நீங்க வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சால மெதுவா அந்த இடத்துல தேய்ச்சு விடணும், ஒவ்வொரு வேளையும். உச்சா வெளிர் நிறமா வரணும், அடர்த்தி மஞ்சளா வந்தா உடம்புல தண்ணி இல்ல.

அப்புறம் கிராம் காட்டுற சின்ன தராசு ஒண்ணு வாங்கி, தினம் ஒரே நேரத்துல எடை போட்டு நோட்டுல எழுதுங்க. நல்லா இருக்குற குட்டி 10, 12 நாள்ல பொறந்த எடைக்கு ரெண்டு மடங்கு ஆயிடும். ஒரு நாள் எடை ஏறலன்னா உஷார், இறங்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட, குட்டிங்க காலைல நல்லா இருந்து சாயங்காலம் போயிடும், நாளைக்கு பாக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.

ஷெல்டர்ல குட்டிய வாங்கும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, பொறந்த முதல் நாள் தாய்ப்பால் குடிச்சுதா? சீம்பால்ல இருக்குற எதிர்ப்பு சக்திய குட்டியோட குடல் முதல் 24 மணி நேரம் தான் உள்ள வாங்கும், அதுக்கப்புறம் கதவு மூடினமாதிரி. குடிக்காத குட்டின்னா எனக்கு முன்னாடியே தெரியணும். ரெண்டாவது, அங்கயே பால் குடுக்குற வேற தாய் நாய் இருக்கா? இருந்து அது ஏத்துக்கிட்டா நம்ம பாட்டில் எல்லாம் அதுக்குப் பக்கத்துல கூட வர முடியாது, ஆனா முதல்ல நீங்க பக்கத்துல இருந்து பாக்கணும்.

நிறைய நாய் இருக்குற எடத்துல பார்வோ, அதாவது குட்டிங்கள வாந்தி பேதில கொல்லுற வைரஸ், இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அந்த வைரஸ் தரையில மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், சாதா சோப்புக்கு எல்லாம் போகாது, தண்ணி கலந்த பிளீச் தான் கேக்கும். வீட்ல வேற நாய் இருந்தா தனி ரூம், தனி துணி. குட்டி தாய் வயித்துக்குள்ள இருக்கும்போதே குடற்புழு தாய்கிட்ட இருந்து வந்துடும், ரெண்டு வாரத்துல முதல் புழு மருந்து. உண்ணி தெள்ளுப்பூச்சி இருந்தா பெரிய நாய்க்குப் போடற மருந்த போட்றாதீங்க, நெருக்கமான சீப்பால வாரி எடுங்க.

அந்த அம்மாவோட மிச்ச மூணு குட்டியும் பொழச்சுக்கிச்சு, பன்னெண்டாம் நாள் ஒண்ணு கண்ணு திறந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு அவங்களே இன்னொரு நாலு குட்டிய எடுக்கப் போனாங்க, கையோட ஹாட் வாட்டர் பேக்கும் தெர்மாமீட்டரும் கொண்டு போயிருந்தாங்க. கார்ல இருந்தே போன். "டாக்டர், 93 காட்டுது, பால் குடுக்கல, சட்டைக்குள்ள வச்சிருக்கேன்." ஒன்றரை மணி நேரம் கழிச்சு திரும்ப கூப்பிட்டாங்க, 96 வந்துடுச்சாம், உதட்ட தொட்டா தேடித்தேடி உறிஞ்சுதாம். இப்ப குடுங்கன்னேன்.