யார் கிளப்பிவிட்டது?

ஒரு அரசியல்வாதி மேல் பாலியல் புகார் என்று செய்தி வந்தால், கும்பகோணம் கோர்ட் வாசல் டீக்கடையில் முதலில் வரும் கேள்வி, "யார் கிளப்பிவிட்டது?" அடுத்தது, "இத்தனை நாளா அந்தப் பொண்ணு எங்க இருந்துச்சாம்?" நடந்ததா இல்லையா என்ற பேச்சு இரண்டாவது டீக்குத்தான் வரும். வராமலும் போகும். கட்சிக்காரர்கள் மட்டும் இப்படிக் கேட்பதில்லை, கறுப்புக் கோட்டுப் போட்ட எங்கள் ஆட்களும் கேட்கிறார்கள்.

சந்தேகப்படுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். போலீஸ் யார் கையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மாற்றல் யார் சொல்லி நடக்கிறது என்பதெல்லாம் ஊரறிந்த சேதி. ஆனால் புகார் கொடுத்தவர் தரப்பிலும் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பிலும் நின்று வழக்கு நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: கிளப்பிவிட்டவரைக் கண்டுபிடித்துவிட்டால், நடந்ததா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் கோளாறு.

கர்நாடகத்து ஹாசன் என்றால் டெல்டாக்காரர்களுக்கு ஹேமாவதி அணைதான் ஞாபகம் வரும். அந்தத் தொகுதியில் 2024 ஏப்ரல் 26 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அதற்குச் சில நாள் முன்னால், அப்போதைய எம்.பி.யும் தேவகவுடாவின் பேரனுமான பிரஜ்வல் ரேவண்ணா சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆபாச வீடியோக்கள் பென் டிரைவில் ஊரெங்கும் பரவின. மாநிலத்தில் ஆட்சி காங்கிரஸ். அவர் கட்சியோ பாஜக கூட்டணியில். யாருக்கு லாபம் என்று கணக்குப் போடப் பெரிய மூளை வேண்டாம். அரசியல் சதி என்றது அவர் தரப்பு. பென் டிரைவைப் பரப்பியதில் அரசியலே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம், அவர் குடும்பத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தப் பெண்ணின் புடவையில் கிடைத்த டிஎன்ஏ தடயம் முக்கியச் சான்றாக நின்றது. மேல்முறையீடு போயிருக்கிறது, போகட்டும். பென் டிரைவைப் பரப்பியவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் புடவையில் இருந்த தடயம் மாறாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோலார் பேனல் மோசடி விவகாரத்தில் கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி மீதான பாலியல் புகாரை 2021 ஜனவரியில் கேரள அரசு சிபிஐக்கு மாற்றியது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதமே இருந்தது. 2022 டிசம்பரில் சிபிஐ அவர் மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். தேதியை மட்டும் பார்த்தால் ஹாசனும் கேரளமும் ஒன்றுதான், இரண்டுமே தேர்தல் நேரம். தேதியை வைத்தே முடிவு கட்டியிருந்தால் ஏதோ ஒன்றில் நாம் தப்பாகப் பேசியிருப்போம்.

உச்ச நீதிமன்றம் இதை எப்போதோ பிரித்துச் சொல்லிவிட்டது. பீகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா சம்பந்தப்பட்ட ஷியோநந்தன் பாஸ்வான் வழக்கில், 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி எழுதியதன் சாரம் இது: புகார் கொடுத்தவருக்கு அரசியல் பகை இருந்தாலும், போதிய ஆதாரம் இருந்தால் வழக்கு கெட்டுப்போகாது. 'பழிவாங்கல்' என்று எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஹரியானா முன்னாள் முதல்வர் பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்நோக்கத்தோடு, வஞ்சம் தீர்க்கவே போட்ட வழக்கை ரத்து செய்யலாம் என்று அதில் இருப்பது உண்மை. அதே தீர்ப்பில் பஜன்லாலுக்கு என்ன ஆனது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். எஃப்ஐஆரை ரத்து செய்த உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதிகாரமில்லாத போலீஸ்காரர் விசாரித்தார் என்பதற்காக அந்த விசாரணையை மட்டும் ரத்து செய்து, உரிய அதிகாரியை வைத்து விசாரிக்க வழி விட்டது.

'இத்தனை நாளா எங்க இருந்துச்சாம்' என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் அந்தப் பெண் எங்கேயும் போயிருக்க மாட்டாள், அதே தெருவில்தான் இருந்திருப்பாள். நூறு நாள் வேலையில் அட்டை போடுவது, தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பது, கொள்முதல் நிலையத்தில் புருஷனுக்கு மூட்டை தூக்கும் வேலை, குழுக் கடனுக்குக் கையெழுத்து என்று அவள் பிழைப்பு முழுக்க ஒரே ஆளின் தலையசைப்பில் இருக்கும். குடியிருக்கும் மனைகூடப் பல இடத்தில் கோயில் இடமோ மடத்து இடமோ. அந்த ஆள் மேல் புகார் கொடுத்தால் மறுநாள் அடுப்பு எரியுமா என்று அவள் யோசிப்பாள். எதிர்க்கோஷ்டி ஒன்று முளைத்து, "நாங்க இருக்கோம், வாம்மா" என்று வண்டி வைத்து அழைத்து வரும்வரை அவளால் ஸ்டேஷன் படி ஏற முடியாது. அரசியல் துணையோடு வந்தாள் என்பதாலேயே பொய் சொல்கிறாள் என்றால், எளியவள் யாரும் என்றைக்கும் புகாரே கொடுக்க முடியாது. அவர்கள் வண்டியில் ஏறி வந்ததன் விலை பிறகு தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தரங்கம் வேறு, குற்றம் வேறு. வயது வந்த இருவர் மனமொத்துப் பழகியது தெரிய வந்தால் ஊர் சிரிக்கலாம், ஓட்டுக் குறையலாம், போலீசுக்கு அதில் வேலை கிடையாது. கணவன் புகார் கொடுத்தால் வழக்குப் போடும் பழைய சட்டப்பிரிவையும் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இப்படிப்பட்ட விஷயத்தில் போலீஸ் மூக்கை நுழைத்தால் உள்நோக்கத்தைச் சந்தேகிக்க முழு உரிமை உண்டு. நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மலேசியாவில் சொந்தம் இருப்பதால் அன்வர் இப்ராஹிம் கதை இங்கே புதிதல்ல. 1998-ல் துணைப் பிரதமர் பதவி பறிபோனது. ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டில் தண்டனை, 2004-ல் அது ரத்து. மறுபடி அதே மாதிரி வழக்கு, 2015-ல் தண்டனை உறுதி. 2018-ல் மாமன்னரின் மன்னிப்பு. 2022-ல் பிரதமர். படுக்கையறையைக் குற்றமாக்கும் சட்டம் இருந்தால் அது யார் கைக்கும் ஆயுதம்தான்.

அப்படியானால் அரசியல் உள்நோக்கத்தை எங்கே தேடுவது? புகார் வந்த தேதியை விட்டுவிட்டு, புகார் வந்த பிறகு ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று பாருங்கள். வேண்டியவர் மேல் புகார் என்றால் புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து, "விசாரிச்சிட்டு எஃப்ஐஆர் போடுறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். பலாத்காரப் புகாரில் அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் அனுமதிக்கும் 14 நாள் முதற்கட்ட விசாரணையும் மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். இந்த வகைப் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 199-ன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. வேண்டாதவர் மேல் என்றால் விடியற்காலை கதவு தட்டப்படும், கேமரா முன்கூட்டியே வாசலில் நிற்கும். வேகத்தில் இருக்கும் இந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் காட்ட முடியும், டீக்கடை ஊகத்தைக் காட்ட முடியாது. பலாத்கார வழக்கில் இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் பிஎன்எஸ்எஸ் 193-ல் இருக்கிறது. நடக்கவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது கசிவு. பாலியல் குற்ற எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பிஎன்எஸ் 72-ன்படி இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனாலும் 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலேயே பெண்ணின் பெயர் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆரே வெளியே வந்தது. இடையில் ஆட்சி மாறியிருந்தது, கசிவது மட்டும் மாறவில்லை. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

வீடியோ விஷயத்தில் என்னிடம் வழக்குக் கொண்டுவருகிறவர்களிடம் கடுமையாகவே பேசுவேன். "வக்கீலம்மா, வீடியோ இருக்கு, எல்லா குரூப்லயும் போட்டாச்சு" என்று பெருமையாக வருகிறார்கள். போட்டவர் மேலேயே வழக்கு வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ-வில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. எடுக்கும்போது அந்தப் பெண் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காவிட்டால் பிஎன்எஸ் 77-ன்படி குற்றம். அதைவிட மோசம், வழக்குக்கே கேடு. பத்துப் பேர் கை மாறிய வாட்ஸ்அப் பிரதியைக் காட்டி நீதிமன்றத்தில் ஒன்றும் நிரூபிக்க முடியாது. எடுத்த போன் வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ன்படி அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) சான்றிதழ் வேண்டும், அதில் நிபுணரின் கையெழுத்தும் வேண்டும். போனை அணைத்து, உறையில் போட்டு, விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கட்சி அலுவலகத்தில் கொடுத்தால் அது துண்டறிக்கையாகத்தான் முடியும். பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டதாகச் சொல்கிறவருக்கும் இதே அறிவுரைதான். பிரஸ் மீட் வைத்து அந்தப் பெண்ணின் நடத்தையைப் பேசாமல், அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்பதற்கான போன் பதிவு, சிசிடிவி, டோல்கேட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும்.

இப்போது அந்த வண்டியின் விலை. கூட்டணி மாறினால், கோஷ்டிகள் ராசியானால், அழைத்து வந்தவர்களே "விட்டுடும்மா, பேசி முடிச்சிட்டோம்" என்பார்கள். பணம் எங்கோ கை மாறியிருக்கும், அவள் கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சி சொல்லிவிட்டு இறங்குவாள். "பார்த்தியா, பொய் கேசு" என்று ஊர் கைகொட்டும். அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: துணைக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும், வக்காலத்து மட்டும் அவர்கள் கொண்டுவரும் வக்கீலுக்கு வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துக் கொடுக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. கூடிய சீக்கிரம் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவாகட்டும். கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட் பதிய வேண்டும் என்கிறது சட்டம்.

ஆட்சி மாறி அரசே வழக்கை வாபஸ் வாங்கப் பார்த்தாலும் சும்மா வாங்கிவிட முடியாது. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் 360-ல் இருக்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ., முன்னாள்கள் மேலுள்ள வழக்கென்றால் உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும், 2021 ஆகஸ்ட் முதல் இது உச்ச நீதிமன்ற உத்தரவு. அங்கே ஆட்சேபம் சொல்லப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தஞ்சாவூர் மாவட்டத்து வழக்குக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகளுக்குச் சென்னை.